தரையில் மோதும் விமானங்கள்: சிறிய உரசல்கள் சொல்லும் பெரிய பாடம்

விமான விபத்து என்றதும் நடுவானில் இயந்திரம் செயலிழந்து வீழும் விமானமே பெரும்பாலானோரின் மனக்கண்ணில் தோன்றுகின்றது. ஆயினும் விமானப் போக்குவரத்தின் வரலாற்றில் ஆகக்கூடுதலான உயிர்களைப் பலிகொண்ட விபத்து வானத்தில் நிகழ்ந்ததன்று. 1977 மார்ச் 27ஆம் திகதி, ஸ்பெயினுக்குச் சொந்தமான கனாரி தீவுகளுள் ஒன்றான தெனரீஃபில், இரண்டு போயிங் 747 விமானங்கள் ஓடுபாதையில் ஒன்றோடொன்று மோதியதில் 583 பேர் உயிரிழந்தனர். அவற்றுள் ஒன்று தரையைவிட்டு எழுவதற்கு முயன்றுகொண்டிருந்தது. மற்றையது அதே ஓடுபாதையில் மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்தது.

இதற்கு மறுமுனையில், செய்தித்தாளின் உட்பக்கத்தில் ஒரு மூலையில் இடம்பெற்று மறக்கப்படும் விபத்துக்களும் உள்ளன. ஒரு விமானத்தின் இறக்கை மற்றொன்றின் வாலை உரசிவிட்டது, எவருக்கும் காயமில்லை, பயணிகள் வேறு விமானத்தில் அனுப்பிவைக்கப்பட்டனர் என்பதோடு அச்செய்தி முடிந்துவிடும். இவ்விருவகை விபத்துக்களும் ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை போலத் தோன்றினாலும் அவற்றின் வேர் பெரும்பாலும் ஒன்றே. தான் எங்கே நிற்கின்றோம் என்பதையோ, மற்றவர் எங்கே நிற்கின்றார் என்பதையோ ஒருவர் தவறாக எண்ணிக்கொள்வதும், அந்தத் தவறான எண்ணத்தைத் திருத்துவதற்கு உரிய ஏற்பாடு அவ்விடத்தில் இல்லாமலிருப்பதுமே அந்த வேர். ஆகவேதான் சிறிய உரசல்களை அலட்சியமாக விட்டுவிட முடியாது.

தரையில் ஒரு விமானத்தின் பயணம்

பயணிகள் ஏறி அமர்ந்த பின்னர், தரிப்பிடத்திலிருந்து விமானத்தை இழுவை வாகனமொன்று பின்னோக்கித் தள்ளிவிடுகின்றது. அதன் பின்னர் விமானம் தனது சொந்த இயந்திர வலுவில் டக்சிவே எனப்படும் நகர்வுப் பாதைகளின் வழியே ஓடுபாதையை நோக்கிச் செல்கின்றது. நேரான பாதையில் மணிக்கு ஏறத்தாழ 35 முதல் 55 கிலோமீற்றர் வேகத்திலும், திருப்பங்களில் அதைவிட மிகக் குறைந்த வேகத்திலும் செல்வதே வழமை. பாதையின் நடுவே மஞ்சள் கோடு வரையப்பட்டிருக்கும். இரவில் பச்சை விளக்குகள் வழிகாட்டும். கறுப்புப் பின்னணியில் மஞ்சள் எழுத்துள்ள பலகை, விமானம் எப்பாதையில் நிற்கின்றது என்பதைக் கூறும். மஞ்சள் பின்னணியில் கறுப்பு எழுத்துள்ள பலகை, எத்திசையில் எப்பாதை செல்கின்றது என்பதைக் காட்டும். சிவப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்துள்ள பலகை, இதற்கு அப்பால் அனுமதியின்றிச் செல்லலாகாது என்னும் கட்டளையாகும்.

கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருப்பவர் எவ்வழியாகச் செல்ல வேண்டும் என்று வானொலி மூலம் கூறுவார். விமானி அதனைத் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்துவார். எனினும் பெரும்பாலான நாடுகளின் நடைமுறையில், நகர்வுப் பாதையில் செல்வதற்குக் கொடுக்கப்படும் அனுமதி, இறக்கை நுனிக்கும் அயலில் நிற்கும் விமானத்துக்கும் இடையே போதிய இடைவெளி உண்டு என்பதற்கான உத்தரவாதமன்று. அதைக் கவனிக்கும் பொறுப்பு விமானியையே சாரும். விமான நிலையக் கட்டடத்தை அண்டிய தரிப்பிடப் பகுதியிலோ பல இடங்களில் கோபுரத்தின் நேரடிக் கட்டுப்பாடும் இருப்பதில்லை.

இங்கேதான் ஒரு முரண்பாடு எழுகின்றது. பெரிய விமானங்கள் பலவற்றில், விமானி அறையில் அமர்ந்திருப்பவருக்குத் தனது இறக்கையின் நுனி தெரிவதில்லை. தெரிந்தாலும் பின்னோக்கிச் சாய்ந்த இறக்கையின் நுனி பல பத்து மீற்றர் தூரத்தில் இருப்பதால் இடைவெளியைக் கண்ணால் மதிப்பிடுவது கடினம். அத்துடன், விமானம் திரும்பும்போது சாய்ந்த இறக்கையின் நுனி, நேராகச் செல்லும்போது எடுத்துக்கொள்ளும் அகலத்தைவிட வெளியே வீசிச் செல்கின்றது. நீண்ட பாரவூர்தி ஒன்று சந்தியில் திரும்பும்போது அதன் பின்பகுதி எதிர்பாராத இடத்தைத் தொடுவதைக் கண்டவர்களுக்கு இது புதிதாக இராது.

இறக்கைகளும் பாதைகளும்

விமான நிலையங்களை வடிவமைப்பதற்குச் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு, இறக்கைகளின் அகலத்தைக் கொண்டு விமானங்களை வகைப்படுத்தியுள்ளது. ஏ320, போயிங் 737 போன்ற விமானங்கள் 36 மீற்றருக்குக் குறைந்த வகையைச் சேர்ந்தவை. 52 முதல் 65 மீற்றருக்குக் குறைந்தவை மற்றொரு வகை. 65 முதல் 80 மீற்றருக்குக் குறைந்தவை ஆகப் பெரிய வகை. இரு தட்டு விமானமான எயார்பஸ் ஏ380 இன் இறக்கை அகலம் 79.75 மீற்றர் என்பதும், ஏ350-900 இன் அகலம் 64.75 மீற்றர் என்பதும் தற்செயலானவை அல்ல. ஒவ்வொரு வகையினதும் எல்லைக்குள் நிற்கத்தக்க ஆகக்கூடிய அளவுக்கு அவை நீட்டப்பட்டுள்ளன. 71 மீற்றருக்கும் அதிக அகலமுடைய இறக்கைகளோடு வடிவமைக்கப்பட்ட போயிங் 777எக்ஸ் விமானத்துக்கு, தரையில் இருக்கும்போது மடிக்கத்தக்க இறக்கை நுனிகள் பொருத்தப்பட்டமைக்கும் இதுவே காரணம்.

இவ்வகைப்படுத்தலின்படி அமைந்த பாதையில், இரு விமானங்களும் உரிய கோட்டின்மீது உரிய இடத்தில் இருக்கும்வரை மோதல் நிகழாது. முன்னால் நிற்கும் விமானம் நிறுத்தக் கோட்டுக்குச் சற்றுப் பின்னாலேயே நின்றுவிட்டால், அதன் வால் குறுக்குப் பாதைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். அப்பொழுது பின்னால் குறுக்கே செல்லும் விமானத்துக்கு மஞ்சள் கோடு தரும் பாதுகாப்பு இல்லாமற் போய்விடுகின்றது.

2011 ஏப்ரலில் நியூயோர்க் ஜோன் எஃப். கென்னடி விமான நிலையத்தில், பாரிஸுக்குப் புறப்பட்ட எயார் பிரான்ஸ் ஏ380 விமானத்தின் இடது இறக்கை நுனி, தரிப்பிடத்துக்காகக் காத்துநின்ற சிறிய ஜெட் விமானமொன்றின் வாலில் மோதியது. சிறிய விமானம் பயணிகளோடு பக்கவாட்டில் சுழற்றி வீசப்பட்டது. 2024 செப்டெம்பரில் அட்லாண்டாவில், டோக்கியோவுக்குப் புறப்படவிருந்த டெல்டா நிறுவனத்தின் ஏ350 விமானத்தின் இறக்கை, ஓடுபாதைக்கு முன்னால் காத்துநின்ற சிறிய விமானமொன்றின் வாற்பகுதியை அடியோடு பெயர்த்தது. 2025 பெப்ரவரியில் சியாட்டிலில், ஜப்பான் எயார்லைன்ஸ் விமானத்தின் இறக்கை டெல்டா விமானமொன்றின் வாலுக்குள் புகுந்து நின்றது.

இவை அமெரிக்காவுக்கு மட்டும் உரியன அல்ல. 2024 மார்ச் 27ஆம் திகதி கொல்கத்தாவில் இண்டிகோ விமானமொன்றின் இறக்கை, சென்னைக்குப் புறப்படக் காத்திருந்த எயார் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தின் இறக்கையில் மோதியது. எமது ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸின் ஏ340 விமானமும் 2007 ஒக்டோபரில் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் பிரிட்டிஷ் எயார்வேஸின் 747 விமானத்தோடு தரையில் இறக்கை மோதிக்கொண்டது. உலகின் ஆகப் பரபரப்பான, ஆக நவீனமான விமான நிலையங்களிலும் இது நேரலாம் என்பதையே இவை காட்டுகின்றன.

2018 ஜனவரியில் கனடாவின் ரொறன்ரோவில் நிகழ்ந்தது, 'சிறிய உரசல்' என்னும் சொல்லின் மீதே ஐயத்தை ஏற்படுத்துவது. பயணிகளின்றி இழுத்துச் செல்லப்பட்ட சன்விங் விமானமொன்று, தரிப்பிடத்துக்காகக் காத்துநின்ற வெஸ்ற்ஜெட் விமானத்தின் இறக்கையில் மோதியது. சன்விங் விமானத்தின் வாற்பகுதியில் தீ மூண்டது. அருகில் நின்ற விமானத்திலிருந்த 168 பயணிகளும் அவசர வழிகளினூடாக வெளியேற்றப்பட்டனர். விமானங்களின் இறக்கைகளுக்குள் எரிபொருள் உள்ளது என்பதை நினைவிற்கொண்டால், இறக்கையோடு இறக்கை மோதுவதை அற்ப விடயமாகக் கருத முடியாது.

ஓடுபாதைக்குள் நுழையும் தவறு

நகர்ந்து செல்லும் விமானம் வழிதவறி ஓடுபாதைக்குள் நுழைந்துவிட்டால் நிலைமை முற்றிலும் வேறாகிவிடுகின்றது. எதிரே வரும் விமானம் மணிக்கு 200 கிலோமீற்றருக்கும் மேலான வேகத்தில் வந்துகொண்டிருக்கலாம்.

தெனரீஃபில் நிகழ்ந்தது ஒரேயொரு தவறு அன்று. பல தவறுகள் ஒன்றன்மேலொன்றாக அடுக்கப்பட்டன. கிரான் கனாரியா விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால் பல விமானங்கள் சிறியதான லொஸ் ரொடேயோஸ் விமான நிலையத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டன. அவை நகர்வுப் பாதையை அடைத்து நின்றதால், புறப்படும் விமானங்கள் ஓடுபாதையிலேயே நகர்ந்து செல்ல நேர்ந்தது. மூடுபனி இறங்கியது. தரை ராடார் அங்கே இருக்கவில்லை. பான் ஆம் விமானம், தான் திரும்ப வேண்டிய பாதையைக் கடந்து சென்றுவிட்டது. கே.எல்.எம். விமானத்தின் தலைமை விமானி, புறப்படுவதற்கான அனுமதி கிடைத்துவிட்டதாக எண்ணி வேகமெடுத்தார். அவ்விமானத்திலிருந்து கூறப்பட்ட வாசகத்தை, புறப்பட ஆயத்தமாக நிற்பதாகக் கட்டுப்பாட்டாளர் பொருள்கொண்டார். காத்திருக்குமாறு அவர் கூறியதும், தாங்கள் இன்னும் ஓடுபாதையிலேயே இருப்பதாகப் பான் ஆம் விமானி கூறியதும் ஒரே கணத்தில் வானொலியில் மோதி, கே.எல்.எம். விமானி அறையில் இரைச்சலாகவே கேட்டன. ஐயமடைந்த விமானப் பொறியியலாளர் அதனைக் கேள்வியாக எழுப்பினார். அனுபவமிக்க தலைமை விமானி அவ்வையத்தை ஏற்கவில்லை. கே.எல்.எம். விமானத்திலிருந்த 248 பேரும் மடிந்தனர். பான் ஆமில் இருந்த 396 பேரில் 61 பேர் மட்டுமே எஞ்சினர்.

1983 டிசெம்பரில் மட்ரிட்டில், மூடுபனியில் வழிதவறிய விமானமொன்று, புறப்பட ஓடிக்கொண்டிருந்த ஐபீரியா விமானத்தின் பாதைக்குள் நுழைந்ததில் 93 பேர் உயிரிழந்தனர். 1990 டிசெம்பரில் டெட்ரோயிட்டில் அதே நிகழ்வு மீண்டும் நடந்தது. நீண்டகால மருத்துவ விடுப்பின் பின் பணிக்குத் திரும்பியிருந்த தலைமை விமானி, விமான நிலையத்தை நன்கறிந்தவர் போலக் காட்டிக்கொண்ட துணை விமானியின் வழிகாட்டலை நம்பிச் சென்றார். எட்டுப் பேர் மாண்டனர்.

அடுத்த இரு மாதங்களில், 1991 பெப்ரவரி 1ஆம் திகதி லொஸ் ஏஞ்சல்ஸில் நிகழ்ந்த விபத்துக்கு மூடுபனி காரணமன்று. சிறிய விமானமொன்றை ஓடுபாதையில் நிறுத்திவைத்த கட்டுப்பாட்டாளர், வேலைப்பளுவின் நடுவே அதனை மறந்து, அதே ஓடுபாதையில் போயிங் 737 ஒன்றைத் தரையிறங்க அனுமதித்தார். 35 பேர் உயிரிழந்தனர். இதனை விசாரித்த அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை, மறந்த ஒருவரோடு நின்றுவிடவில்லை. ஒருவர் மறந்தால் மற்றொருவர் அதனைக் கண்டுபிடிக்கத்தக்க நடைமுறையைக் கோபுர நிர்வாகம் ஏற்படுத்தாமையையே முதன்மைக் காரணமாகச் சுட்டியது. தரை ராடாரும் அன்று செயற்படவில்லை.

மிலானின் கசப்பான அனுபவம்

அத்தகைய ஏற்பாடுகள் இல்லாத இடத்தில் என்ன நேரும் என்பதற்கு, இத்தாலியின் மிலான் நகரிலுள்ள லினாத்தே விமான நிலையத்தில் 2001 ஒக்டோபர் 8ஆம் திகதி நிகழ்ந்த விபத்தே ஆகத் தெளிவான சான்றாகும். அன்று காலை அடர்ந்த மூடுபனி. சிறிய செஸ்னா ஜெட் ஒன்று 'ஆர் 5' என்னும் பாதையால் செல்லுமாறு பணிக்கப்பட்டது. அது 'ஆர் 6' என்னும் பாதையால் சென்று ஓடுபாதைக்குள் நுழைந்தது. புறப்பட ஓடிவந்த எஸ்.ஏ.எஸ். நிறுவனத்தின் எம்.டி.87 விமானம் அதில் மோதி, பயணப்பொதிகள் கையாளும் கட்டடத்துக்குள் பாய்ந்தது. இரு விமானங்களிலும் இருந்த 114 பேரும், அக்கட்டடத்தில் பணியிலிருந்த நால்வருமாக 118 பேர் உயிரிழந்தனர்.

செஸ்னா விமானி பாதை மாறினார் என்பது உண்மையே. அத்தகைய குறைந்த பார்வைத் தூரத்தில் செயற்படுவதற்கு அவர்களுக்குரிய தகைமையும் இருக்கவில்லை. ஆனால் அவர் தாம் கடக்கும் தரை அடையாளமொன்றின் பெயரைக் கட்டுப்பாட்டாளருக்கு அறிவித்தார். அப்படியோர் அடையாளம் இருப்பது கட்டுப்பாட்டாளருக்கே தெரியாதிருந்தது. பழைய தரை ராடார் அகற்றப்பட்டிருந்தது, புதியது இயங்கத் தொடங்கியிருக்கவில்லை. பாதைகளின் அடையாளங்களும் பலகைகளும் தரத்துக்கு ஏற்ப இருக்கவில்லை. ஓடுபாதைக்குள் எவரேனும் நுழைந்தால் எச்சரிக்கும் ஏற்பாடும் செயலிழக்கச் செய்யப்பட்டிருந்தது. விமானி தமது நிலையைச் சரியாகவே அறிவித்தபோதும் அந்த உண்மையைப் பற்றிக்கொள்ளக்கூடிய எதுவும் அங்கு இருக்கவில்லை.

ஹனேடா: பாடமும் படிப்பினையும்

2024 ஜனவரி 2ஆம் திகதி டோக்கியோ ஹனேடா விமான நிலையத்தில், தரையிறங்கிய ஜப்பான் எயார்லைன்ஸ் ஏ350 விமானம், முதல்நாள் நிகழ்ந்த நோட்டோ நிலநடுக்கத்தில் பாதிக்கப்பட்டோருக்கு நிவாரணப் பொருட்களை ஏற்றிச் செல்லவிருந்த கரையோரக் காவற்படையின் விமானத்தில் மோதியது. புறப்படும் வரிசையில் முதலாவது இடம் தரப்பட்டுள்ளதாகக் கூறப்பட்டதை, ஓடுபாதைக்குள் நுழைவதற்கான அனுமதியாகக் காவற்படை விமானி கொண்டார். அவ்விமானம் ஓடுபாதையில் ஏறத்தாழ 40 விநாடிகள் நின்றது. கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் திரை அதனை நிறமாற்றத்தால் எச்சரித்தபோதும் எவரும் கவனிக்கவில்லை. காவற்படை விமானத்திலிருந்த ஆறு பேரில் ஐவர் உயிரிழந்தனர்.

எனினும் பெரிய விமானத்திலிருந்த 379 பேரும் உயிர்தப்பினர். அறிவிப்பு ஒலிபரப்பு செயலிழந்த நிலையில் பணியாளர்கள் ஒலிபெருக்கிக் குழல்களைக் கொண்டும், உரத்த குரலிலும் பயணிகளை வழிநடத்தினர். எட்டு அவசர வழிகளில் மூன்றே பயன்படுத்தத்தக்கனவாக இருந்தன. பயணிகள் பொதிகளை விட்டுவிட்டு வெளியேறியமையும், பணியாளரின் பயிற்சியுமே அப்பெரும் உயிரிழப்பைத் தவிர்த்தன. விபத்தின் பின்னர் எச்சரிக்கைத் திரையைக் கண்காணிப்பதற்கென்றே ஒருவர் நியமிக்கப்பட்டார். வரிசை எண் கூறும் வழக்கமும் சிலகாலம் நிறுத்திவைக்கப்பட்டது.

எதனால் திருந்துகின்றது?

தெனரீஃபின் பின்னர், புறப்படுதல் என்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை, உண்மையான அனுமதி வழங்கும்போதும் அதை இரத்துச் செய்யும்போதும் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்ற விதி வந்தது. தலைமை விமானியின் சொல்லை இளையவர் கேள்விக்குட்படுத்தலாம், உட்படுத்த வேண்டும் என்னும் குழுப் பயிற்சி உலகெங்கும் பரவியது. விமானிகளும் கட்டுப்பாட்டாளர்களும் ஆங்கிலத்தில் குறித்த தரத்தை எட்டியிருக்க வேண்டும் என்னும் நிபந்தனை 2008 முதல் நடைமுறைக்கு வந்தது. ஓடுபாதை வாயில்களில் சிவப்பு நிறுத்த விளக்குகளும், விமானங்களின் நகர்வைத் திரையில் காட்டி எச்சரிக்கும் கருவிகளும் பெரிய விமான நிலையங்களில் பொருத்தப்பட்டன.

ஆனால் ஓடுபாதைக்குக் கிட்டிய இக்கவனம் நகர்வுப் பாதைகளுக்கும் தரிப்பிடங்களுக்கும் முழுமையாகக் கிட்டவில்லை. இறக்கை நுனிகளைக் காண முடியாத பெரிய விமானங்களில் கமரா போன்ற மோதல் தவிர்ப்புச் சாதனங்களைக் கட்டாயமாக்க வேண்டும் என்று அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை 2012இல் பரிந்துரைத்தது. மோட்டார் வாகனங்களில்கூடப் பின்புறக் கமரா சாதாரணமாகிவிட்ட பின்னரும், அட்லாண்டாவிலும் சியாட்டிலிலும் மோதல்கள் நிகழ்ந்தன. உயிர்ப்பலி நேரும்வரை காத்திருக்கும் மனப்போக்குக்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டியதில்லை.

ஒவ்வொரு தரை மோதலின் பின்னரும் முதலில் எழும் கேள்வி, தவறு யாருடையது என்பதே. உயிர்களை இழந்தவர்களுக்கு நீதி வேண்டும் என்பதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை. லினாத்தே விபத்தின் பின்னரும் நீதிமன்றம் சிலருக்குத் தண்டனை விதித்தது. ஆனால் நீதிமன்ற விசாரணை வேறு, விபத்து விசாரணை வேறு. சிக்காகோ சமவாயத்தின் 13ஆவது இணைப்பு, விபத்து விசாரணையின் ஒரேயொரு நோக்கம் எதிர்கால விபத்துக்களைத் தடுப்பதே, குற்றத்தைப் பங்கிடுவதன்று என்று வகுத்துள்ளது. விமானியையோ கட்டுப்பாட்டாளரையோ பணியிலிருந்து நீக்கியதோடு கோப்பை மூடிவிடும் நிர்வாகம், அதே மங்கிய பலகையையும், அதே செயலிழந்த ராடாரையும் அடுத்தவருக்காக விட்டுவைக்கின்றது.

மத்திய கிழக்கில் தொழில் புரிவோர், ஹஜ், உம்ரா யாத்திரிகர்கள், ஐரோப்பாவிலும் கனடாவிலும் வாழும் உறவினரைக் காணச் செல்வோர் எனக் கட்டுநாயக்கவிலிருந்து புறப்படும் எம்மவர்கள், உலகின் ஆகப் பரபரப்பான விமான நிலையங்களைக் கடந்தே பயணம் செய்கின்றனர். விமானம் தரையில் ஊர்ந்துகொண்டிருக்கும்போதே இருக்கைப் பட்டியை அவிழ்த்து எழுந்துநின்று மேலேயுள்ள பொதிகளை இறக்குவது எம்மிடையே பொதுவான காட்சி. விமானம் முற்றாகத் தரித்து, விளக்கு அணையும்வரை பயணம் முடிவதில்லை என்பதையும், அவசர வேளையில் பொதிகளை எடுக்க நிற்பவர் தமக்குப் பின்னால் நிற்பவரின் உயிரைத் தாமதப்படுத்துகின்றார் என்பதையும் ஹனேடா நினைவூட்டுகின்றது.

விமான நிறுவனங்களும் விமான நிலைய நிர்வாகங்களும் செய்ய வேண்டியது இதைவிடப் பெரிது. காயமின்றி முடிந்த ஒவ்வோர் உரசலும், உயிர்விலை கொடாமல் கிடைத்த எச்சரிக்கையாகும். அதனை அந்த மதிப்போடு விசாரித்து, கண்டறிந்ததை வெளிப்படையாக வெளியிட்டு, குறையைத் திருத்துபவர்கள் மட்டுமே இன்னொரு லினாத்தேயைத் தவிர்க்க முடியும்.